கம்பி பஸ்ஸும் பதினாலு முழச் சப்பரமும்

கரிப் புகை தொண்டைக்குள் இறங்கும்போது முதலில் லேசாக ஓர் இனிப்புத் தெரியும், அதன் பிறகுதான் இருமல் வரும். உப்புக் காற்று எதிரே அடிக்கிற நாட்களில் அந்த இனிப்பும் தெரியாது, நேராக இருமல்தான். எங்கள் தூத்துக்குடியில் யுத்தக் காலத்தில் ஓடிய "கரி பஸ்"ஸுக்குப் பின்னால் நடந்து போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்படி நடந்தவர்களில் இன்று எத்தனை பேர் மிச்சம் என்று போன வாரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து நான்கு பேர். அதில் இரண்டு பேருக்கு ஞாபகம் போய்விட்டது.

இப்போதுள்ளவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. யுத்தத்தில் பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதற்குள் கரியைப் போட்டு மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். காலையில் அடுப்பு பற்றி, காற்றாடியைக் கையால் சுற்றி, வாயு சேர்ந்து வண்டி கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகும். கிளம்பிய வண்டி போய்ச் சேரும் என்றும் சொல்ல முடியாது. யுத்தம் முடிந்த மறு வருஷமும் பெட்ரோல் தட்டுப்பாடு தீராமல் இதே வண்டிகள்தான் ஓடின. திரேஸ்புரத்திலிருந்து ரயிலடிக்குப் போகிற வண்டி ஒரே மாதத்தில் பத்தொன்பது தடவை வழியில் நின்றதை நான் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணியிருக்கிறேன். நின்றால் கண்டக்டர் உள்ளே தலையை நீட்டி, "எறங்கித் தள்ளுங்க அண்ணாச்சி, மாதா பாத்துக்கிடுவா" என்பார். உட்கார்ந்திருந்தவர்களில் யாராவது, "மாதாவும் எறங்கித் தள்ளணுமோ?" என்று கேட்டுக்கொண்டே இறங்குவார்கள். அந்த வண்டிக்குப் படி மூன்று. முதல் படி என் இடுப்பு உயரம்.

அந்தப் படியின் உயரம் எங்கள் வீட்டில் பெரிய விஷயம். என் அக்கா பிலோமிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. சுவரைப் பிடித்தால் நடப்பாள், யாராவது தோள் கொடுத்தால் தெருமுனை வரை போவாள். ஆனால் கணக்கில் அவள் புலி. தெருவிலேயே இருந்த நடுநிலைப் பள்ளியில் எட்டாவது வரைக்கும் முதல் ஆளாக வந்துவிட்டாள். அதற்கு மேல் படிப்பதென்றால் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்தப் பள்ளிக்கூட வாசலுக்கு என் காலால் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. அவள் காலால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் அவள் நடந்ததே இல்லை.

அப்பா துறைமுகத்தில் "டாலி கிளார்க்". அந்த நாளில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். தோணிக்கு எத்தனை மூட்டை ஏறிற்று, எத்தனை இறங்கிற்று என்று ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணுவதுதான் அப்பாவின் வேலை. காலை ஆறு மணிக்கு அவர் தோணிகள் வந்து அணையும் பாலத்தில் நிற்க வேண்டும், ஆகவே அக்காவைக் கொண்டுபோய் விட அவரால் ஆகாது. தினமும் குதிரை வண்டி வைக்கிற வீடும் அல்ல எங்களுடையது. எண்ணுகிற புத்தி எனக்கு அவரிடமிருந்து வந்தது. தெருவில் என்னைக் "குட்டி டாலி" என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டுக் கோழி எத்தனை குஞ்சு பொரித்தது, பூசையில் சுவாமியார் எத்தனை தடவை இருமினார் என்பதெல்லாம் என்னிடம் கேட்டால் தெரியும். தப்பாக எண்ணிவிட்டேன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் "கம்பி பஸ்" பற்றிய பேச்சு வந்தது. வடக்கே எங்கோ பெரிய ஊர்களில் ஓடுகிறதாம், தண்டவாளம் வேண்டாமாம், ரப்பர் சக்கரம்தானாம், தெருவுக்கு மேலே இரண்டு மின்சாரக் கம்பி கட்டிவிட்டால் பஸ்ஸின் தலையிலிருந்து இரண்டு நீண்ட கழிகள் அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே வருமாம், புகை இல்லை, தள்ளவேண்டியதில்லை. ஒரு கம்பெனியார் நகரசபைக்குப் படம் போட்ட காகிதம் அனுப்பியிருந்தார்கள். அப்பா அதை யாரிடமோ கெஞ்சி வாங்கி ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தெருவே வந்து பார்த்தது. தூண்டில்காரர் ஒருவர் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல என்ன மீனா கெடக்கு, ரெண்டு தூண்டியப் போட்டுக்கிட்டு வாரான்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் படத்தில் பஸ்ஸின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். படி ஒன்றுதான். தரையிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, குடியிருந்தாள். கம்பி பஸ் நம் தெரு வழியாக வருகிறது என்று முடிவானால், கம்பி கட்டி முடிகிறவரை அக்காவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். "ஒரு வருசம்னா வச்சுக்கிடுதேன், பிள்ள பாவம். அதுக்கு மேலன்னா ஏலாது, எனக்கும் வீட்ல ரெண்டு கொமரு வளருது" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். ஆகவே அக்காவின் படிப்பு முழுவதும் ஒரே விஷயத்தில் வந்து நின்றது: கம்பி எந்தத் தெரு வழியாகப் போகும். நம் தெரு வழியாகப் போனால் எட்டாவது நிறுத்தம் பள்ளிக்கூட வாசல். அப்பா இதை எத்தனை தடவை எங்களிடம் சொல்லியிருப்பார் என்று நான் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் நூறைத் தாண்டியிருக்கும்.

இனிச் சப்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் குருசடி என்கிற சின்னக் கோயிலில் இருக்கும் மாதாவுக்கு வைகாசியில் திருநாள். மாதாவை வைத்துத் தோளில் தூக்கிச் செல்லும் சப்பரத்தை மூங்கிலாலும் காகிதத்தாலும் அடுக்கடுக்காக உயர்த்திக் கட்டி, உச்சியில் ஒரு சிலுவை வைப்பார்கள். பக்கத்து மேலத் தெருவிலும் ஒரு சப்பரம் உண்டு. எது உயரம் என்பதில் இரண்டு தெருவுக்கும் தீராத போட்டி. வாய்ப் பேச்சில் ஒவ்வொரு வருஷமும் இரண்டு சப்பரமும் ஒரு முழம் வளரும். எங்கள் சப்பரத்துக்குப் பொறுப்பாளர் இஞ்ஞாசித் தண்டல். தண்டல் என்றால் தோணியின் தலைவர். ஆறு தோணிக்குக் கேட்கிற குரல், எங்களுக்கெல்லாம் அவர் "பெரியப்பா". அந்த வருஷம் சப்பரத்தின் மேல் தட்டில் சிறகு கட்டிக்கொண்டு நின்று பூப் போடுகிற தேவதூதனான "சம்மனசு" வேஷத்துக்கு அவர் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். பதினாறு பையன்கள் கேட்டிருந்தார்கள். கிடைத்தது எனக்கு. பத்து வயதில் அதற்கு மேல் ஒரு பதவி இருப்பதாக எனக்குத் தெரியாது.

ஆனால் எனக்கு உயரம் என்றால் பயம். விழுந்தால் எவ்வளவு தூரம் விழுவேன் என்று தெரிந்துகொள்வதற்காகச் சப்பரக் கொட்டகையில் யாரும் இல்லாத மத்தியானம் ஏறி, உச்சிச் சிலுவையிலிருந்து பட்டநூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அளந்தேன். எட்டு முழம். தூக்குகிறவர்களின் தோள் மூன்று முழம். மொத்தம் பதினொன்று. அப்பாவின் அடிக்கோலிலும் வைத்துப் பார்த்தேன், பதினாறரை அடி. நூலை இரண்டாம் தடவையும் அளந்தேன். அதே பதினொன்று.

திருநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது கம்பெனி இஞ்சினியர் வந்தார். தொப்பி வைத்த வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. அவருக்குப் பேசவும் எழுதவும் ஒரு குமாஸ்தா கூட வந்திருந்தார். அப்பா அன்றைக்கு அரை நாள் லீவு கேட்டு வாங்கி, வீட்டிலிருந்த இரண்டு நாற்காலிகளையும் தெருவில் கொண்டுவந்து போட்டுக் காத்திருந்தார். உட்கார அவர்களுக்கு நேரமில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே உப்பு வியாபாரியின் மச்சு வீடு ஒன்றுதான் அந்தத் தெருவில் மாடி வைத்தது. குமாஸ்தா நீளக் கழி ஒன்றின் நுனியைச் சுண்ணாம்பில் தோய்த்து அந்த மச்சுவீட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டார்.

"பதினெட்டு அடி. இந்த ஒசரத்துல கம்பி வரும்" என்றார். "இதுக்கு மேல ஒசரமா ஏதாவது இந்தத் தெருவுல போகுமா? வைக்கோல் வண்டி, தேர், இப்படி?"

"சப்பரம் போகும்" என்றார் தண்டல்.

"எவ்வளவு ஒசரம்?"

தண்டல் வாயைத் திறப்பதற்குள் குமாஸ்தா நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "நேத்து மேலத் தெருவுல கேட்டோம். அவங்க சப்பரம் பதிமூணு முழம்னாங்க. அதனால அந்த வழிய விட்டாச்சு."

"பதிமூணா!" தண்டல் தோள் துண்டை உதறினார். "அவனுவளுதா? அதுல பாதி காத்துல்லா! அப்ப எங்களுது பதினாலுன்னு எழுதும்."

அப்பா குறுக்கே வந்தார். "அண்ணே, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. பதினாலு முழம்னா இருபத்தோரு அடில்லா வருது."

"வரட்டுமே. ஒமக்கு அதுல என்னவே?"

"நாம அளக்கலையே அண்ணே."

"அளக்கலையா?" தண்டல் சுற்றிலும் பார்த்தார். அவர் கண் என் மேல் விழுந்தது. "ஏலே குட்டி டாலி, இங்கன வா. நீ கொட்டகையில கயித்தப் போட்டு அளந்தேன்னு வெளிய நின்னு பாத்த பயலுவ சொன்னானுவ. ஒம்ம மவன் எண்ணுனா ஒமக்குச் சரிதான வே?"

"எம் மவன் எண்ணுனா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. அதைப் பெருமையாகத்தான் சொன்னார். முகத்தில் நம்பிக்கையும் வந்துவிட்டது.

தண்டலின் உள்ளங்கை என் தலையில் இருந்தது. பெரிய, கரடுமுரடான, கயிறு இழுத்துக் காய்த்த கை. "சொல்லுலே, எங்க சம்மனசு. எத்தன முழம்?"

எங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பதினாறு பையன்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றார்கள். பதினொன்று என்று சொன்னால் மேலத் தெருவுக்கு இரண்டு முழம் குறைகிற சப்பரத்தின் சம்மனசு நானாக இருக்க மாட்டேன் என்பது ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது.

"பதினாலு" என்றேன்.

குமாஸ்தா அதை இஞ்சினியரிடம் சொன்னார். இஞ்சினியர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். உச்சியை மட்டும் இந்தத் தெருவில் கொஞ்சம் இறக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்கச் சொன்னார். தண்டல் இரண்டு கையையும் விரித்து, "என்னது, மாதாவக் குனியச் சொல்லுதியளா?" என்று ஒரு சத்தம் போட்டார். கூட்டமும் சேர்ந்து "அதான!" என்றது. இன்றைக்கு அதே தெருவில் கரண்டு கம்பி, போன் கம்பி, டிவி கம்பி என்று நாற்பத்துமூன்று கம்பிகள் குறுக்கே போகின்றன. சப்பரத்தின் உச்சியைக் கீல் வைத்து மடக்கித்தான் கொண்டுபோகிறார்கள், ஒருவருக்கும் அது தோஷமாகப் படவில்லை. அன்றைக்குப் பட்டது. இஞ்சினியர் வரைபடத்தை விரித்து எங்கள் தெருவின் மேல் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார். அப்பா நாற்காலிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். இரண்டு நாற்காலிதான். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.

திருநாளன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, இடுப்பில் கயிறு கட்டி என்னை மேல் தட்டில் நிறுத்தினார்கள். வெள்ளைத் துணி, ஜிகினாக் காகிதச் சிறகு, கையில் பூத்தட்டு. சப்பரம் எங்கள் வீட்டுக்கு எதிரே வந்தபோது மச்சுவீட்டுச் சுவர் என் முகத்துக்கு நேரே வந்தது. சுண்ணாம்புக் கோடு அப்படியே இருந்தது. எனக்கு மேலே இருந்தது. என் தலைக்கு மேலேயிருந்த சிலுவைக்கும் மேலே, சரியாக ஒரு முழம் மேலே. சப்பரம் அதன் கீழே எதையும் தொடாமல் ஆடி ஆடிக் கடந்து போயிற்று. கீழே நின்றவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், யாரும் சுவரைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பெண்கள் எல்லாரும் மச்சில் நின்று பார்த்தார்கள். அக்காவையும் யாரோ தூக்கிக்கொண்டுபோய் மச்சில், கோட்டுக்கு மூன்றடி தள்ளி, உட்கார வைத்திருந்தார்கள். நான் அவள் மேலும் பூப் போட்டேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெரியம்மா வீட்டுக்குப் போவதற்காக அம்மா கட்டிவைத்த துணி மூட்டையை ஜூன் மாதம் பிரித்தாள். அவ்வளவுதான் அந்த விஷயம். அழுகையோ சண்டையோ வீட்டில் நடக்கவில்லை. கம்பி பஸ்ஸும் வரவில்லை; கடற்கரைச் சாலை வழியாக விடுவதாகச் சில மாதம் பேசினார்கள், பிறகு அந்தப் பேச்சும் இல்லை. கம்பெனிக்காரர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். எங்கள் ஊரில் கம்பி பஸ்ஸின் சரித்திரம் மொத்தம் ஒரு படமும் ஒரு சுண்ணாம்புக் கோடும்தான். நான் பதினொன்று என்று சொல்லியிருந்தாலும் அது வந்திருக்குமா என்று எழுபத்தெட்டு வருஷமாக யோசித்துக் களைத்துவிட்டேன். வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வருகிறது என்ற பேச்சு ஒரு வருஷம் நின்றிருந்தால் போதும், அக்கா பெரியம்மா வீட்டில் இருந்திருப்பாள். ஒரு வருஷம் படித்துவிட்டால் அவளை யார் நிறுத்தியிருப்பார்கள்?

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, யாரும் கேட்டு வரவும் இல்லை. கொழும்புக்குப் போன ஆண்களுக்குத் தெருப் பெண்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். பிறகு என் மூன்று பிள்ளைகளுக்கும் பத்தாம் வகுப்புக் கணக்கு வரை, புத்தகத்தைத் தானே முதல் நாள் படித்து வைத்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்தாள். மூன்று பேருக்கும் கணக்கில் தொண்ணூறுக்கு மேல். இப்போது அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு, எனக்கு எண்பத்தெட்டு. என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர், எனக்கு ஏழு மாத்திரை, அவளுக்கு நாலு. கரி பஸ் போயிற்று, தோணியில் சரக்கு இறக்கின பாலம் போயிற்று, தண்டல் போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் மச்சு வீட்டையும் இடித்துவிட்டார்கள். செல்போன் கடை வருகிறதாம்.

சுவர் விழுந்த அன்று தூசு அடங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். நான் அக்காவிடம் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று ஞாபகமில்லை. நூல் கட்டி அளந்ததையும் பதினொன்றையும் பதினாலையும் சொல்லி முடித்தேன்.

அவள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் மச்சுல கோட்டுக்குப் பக்கத்துலல்லாலே இருந்தேன்" என்றாள். "கண்ணு தெரியாமயா போச்சு எனக்கு?"

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அப்பாட்ட அன்னைக்கே சொன்னேன். அவரும் கீழ நின்னு பாத்துருக்காரு. மறு நாள் கம்பெனிக்காரங்க ஆபீசுக்குப் போயி, அந்த ஒசரம் தப்புன்னு சொன்னாராம். ‘உங்க மகனே அளந்து சொன்னதுன்னு எழுதியிருக்கே, அப்ப அவன் சொன்னது பொய்னு எழுதிக் குடுங்க, மாத்திக்கிடலாம்’னாங்களாம்."

"எழுதிக் குடுத்திருக்கலாமே?"

"நானும் அதத்தாம்லே கேட்டேன்." அவள் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தது அதில், பழைய கோபம், ஆறிப்போனதும் அல்ல, எரிவதும் அல்ல. "பேனாவ எடுத்தாராம், எழுத வரலியாம். ‘அவன்ட்ட ஒண்ணும் கேக்காத பிலோமி, கேட்டா எண்ணுதத விட்டுருவான்’னாரு. நானும் கேக்கல."

பேப்பரைத் திருப்பிக்கொண்டாள். நான் அப்பாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் திருநாள் முடிந்த வாரத்திலிருந்துதான் ஒரு பழக்கம் தொடங்கியது: வேலையிலிருந்து வந்ததும் அன்றைய மூட்டைச் சிட்டையை என்னிடம் நீட்டி, "எண்ணிப் பாரு, தப்பு இருந்தாச் சொல்லு" என்பார். என் எண்ணிக்கையின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை என்றுதான் அக்கா சொல்லும்வரை நினைத்திருந்தேன். நான் வேலைக்குப் போகிறவரை பதினோரு வருஷம், ஐந்து ஐந்தாகக் கட்டிய அந்தக் கோடுகளை மாலைதோறும் எண்ணிக் கொடுத்தேன். ஒரு நாள்கூட அவற்றில் தப்பு இருந்ததில்லை.